சந்தனப் பொட்டு வைத்த ஸ்கேன் குச்சி

வேலையை விட்டுவிட்டு நதியா, லோகாம்பாள் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்தபோதே, இந்தப் பெண் எதையோ ஒளிக்கிறது என்று தெருவுக்குச் சொன்னவள் நான்தான். ஒளித்தது அவளே செய்த ஒரு குச்சி! நுனியில் வெங்காயச் சருகைவிட மெல்லிய பிலிம். கரண்டு கொடுத்தால் அது அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத சத்தம் போடும். எதிரொலி திரும்பினால் திரையில் கோடு எழும்பும். குறைமாதக் குழந்தையின் நெஞ்சுக்குள் பார்க்கிற ஸ்கேனாம்.

சென்னையிலிருந்து குழந்தை டாக்டர் மாணிக்கவாசகம் இன்று வருகிறார். குச்சி வேலை செய்தால் அவருடைய வார்டில் சோதிக்க விடுவார். இல்லையென்றால் இதே மாதிரி கருவி செய்கிற பெங்களூர்க்காரர்களுடையதை எடுத்துக்கொள்வார். நதியாவிடம் இருப்பதோ இந்த ஒரே குச்சி.

நேற்று ஆயுத பூஜை. தறிக்கெல்லாம் பொட்டு வைத்த லோகாம்பாள், மாடிக் குச்சியையும் விடவில்லை. இன்று காலை நதியா டாக்டரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு, அந்தப் பொட்டைக் கழுவ லோகாம்பாள் ஒரு சொம்போடு மாடியேறினாள். சொம்பிலிருந்து ஆவி பறந்தது. என் ஜன்னலுக்கு எல்லாம் தெரியும்.

அவர்கள் வந்ததும், உறை மோர் கேட்கும் சாக்கில் நானும் கிண்ணத்தோடு மாடிப்படியில் நின்றேன்.

தண்ணீர்த் தொட்டியின் அடியில், எதிரொலி தர ஒரு இரும்புக் கட்டி. மேலே குச்சி. திரையில் கோடு படுத்தே கிடந்தது. நதியா ஒயரை மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

"நேத்து நல்லா வந்துச்சு சார்..."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அறை வாசலில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள் லோகாம்பாள். "சொல்லிடு லோகா," என்றேன் மெதுவாக.

"நீ வாயத் தொறந்த, அவ்ளோதான் அம்சா!"

என் வாய் மூடிக்கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெருவுக்கே தெரியும். மூடித்தான் நின்றேன். ஒயரைக் கழற்றப்போன நதியாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தொட்டிக்குள் விழுந்தது. லோகாம்பாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தாம்மா கழுவுனேன். டாக்டரு வர்றாரே, சந்தனம் ஒட்டிக்கினு இருக்குதேன்னு..."

"எதுல ஆன்ட்டி?"

"வெந்நீர்லதான். கொதிக்கக் கொதிக்க. சுத்தமா இருக்கணும்ல?"

நதியா உட்கார்ந்துவிட்டாள். "சூடு பட்டா பிலிமோட சக்தி போயிடும் சார். திரும்ப வராது."

டாக்டர் லோகாம்பாளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க நர்ஸுங்களும் இதைத்தாம்மா செய்வாங்க. வெந்நீர்ல கழுவினா செத்துப்போற கருவி வார்டுக்கு ஆகாது." பையை மூடினார். "சூடு தாங்குறதைச் செஞ்சிட்டுக் கூப்பிடுங்க. பெங்களூர்க்காரங்களையும் முதல்ல இதைத்தான் கேக்கப்போறேன்."

அவர் இறங்கிப் போனார். திட்டு வாங்கத் தயாராகத் தலைகுனிந்து நின்றாள் லோகாம்பாள். அதைக் கேட்கத்தானே நானும் நின்றேன்?

நதியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதமிருந்த பிலிம் துண்டுகளை மேசையில் பரப்பினாள்.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் வெந்நீர் வைங்க. எந்தச் சூட்டுல சாகுதுன்னு பாக்கணும். அம்சாக்கா, சும்மாதான நிக்கிறீங்க? அந்தத் தெர்மாமீட்டரப் புடிங்க."