வரிசையில் ஆறாவது ஆள்

கோச் பூலர் எங்களுக்குக் கல்லூரியில் நான்கு வருடம் உடற்கல்வி சொல்லிக்கொடுத்தார். அதில் எனக்கு இன்றுவரை உதவுகிற பாடம் ஒன்றுதான். "சனி ஞாயிறு மேட்சுக்கு ரெஃப்ரியாப் போனா செக் வாங்காதீங்கடா. கையில காசா வாங்குங்க."

காசாக வாங்கினால் வரிக் கணக்கில் ஏறாது. வருமானம் குறைவாகத் தெரியும். வருமானம் குறைந்தால் படிப்புக் கடனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியதும் குறையும். எங்கள் கன்சாஸ் மாநிலத்தில் விசில் ஊதுகிற ஆசிரியர்கள் பாதிப் பேர் இப்படித்தான் வண்டி ஓட்டுகிறோம். தப்புதான். யாரும் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் அதே கல்லூரியில் கோச்சுக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். வருடத்துக்கு 34,212 டாலர். படிக்க வாங்கிய கடன் முப்பத்தெட்டாயிரம். மாதம் 93 டாலர் கட்டுகிறேன். வட்டி அதைவிட அதிகம். அதனால் நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டியும் கடன் நாற்பத்தோராயிரமாகப் புஷ்டியாக வளர்ந்திருந்தது. உடற்கல்வி படித்தவன் கடனல்லவா.

போன அக்டோபரில் பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து பார்க்கிற ஃபுட்பால் ஆட்டம். வழக்கம்போல எங்கள் வருடத்துக்காரர்கள் பதினோரு பேரும் மைதானத்துக்கு வெளியே டேனரின் டிரக்கைச் சுற்றி நின்று சில்லிக் கறிக்குழம்பும் சின்னமன் ரோல் இனிப்பு ரொட்டியும் தின்றுகொண்டிருந்தோம். கோச் வந்தார். கழுத்தில் விசில், கையில் ஒரு காகிதம்.

"கோச், ஒரு ரோல் எடுத்துக்கோங்க."

"ரோலெல்லாம் அப்புறம். நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஆப்பு வச்சிட்டாங்கடா."

அரசாங்கக் கடிதம் அது. எங்கள் கல்லூரியில் உடற்கல்வி படித்தவர்கள், பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டவர்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்களாம். இந்த வருடம் எச்சரிக்கை. அடுத்த வருடமும் எங்களையே அளப்பார்கள். அப்போதும் தேறாவிட்டால் இந்தப் படிப்பில் சேருகிறவர்களுக்கு அரசாங்கக் கடன் கிடையாது. கடன் இல்லாமல் இங்கே யார் படிக்க வருவார்கள்? மாணவர்கள் இல்லையென்றால் கோச்சும் இல்லை, நானும் இல்லை.

"எங்க எல்லாருக்கும் சம்பளம் ஏறணும்னா நடக்கிற காரியமா கோச்?" என்றான் டேனர்.

"எல்லாரும் வேண்டாம். பதினோரு பேரையும் சம்பள வரிசையில நிறுத்தினா நடுவுல யாரு நிக்கிறாங்களோ, அவங்க வருமானம்தான் கணக்கு. அந்த ஒரு ஆள் தேறினாப் போதும். முப்பத்தாறாயிரத்தைத் தாண்டணும்."

"இப்ப எவ்வளவு போட்டிருக்காங்க?"

"முப்பத்திநாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு."

எனக்குச் சில்லி புரையேறிவிட்டது.

யார் என்று காகிதத்தில் பெயர் இல்லை. ஆளைக் கண்டுபிடிக்க எங்கள் கோச்சுக்கு ஒரே வழிதான் தெரியும். விசில் ஊதினார். "வரிசை! சம்பள வரிசை! குள்ளம் இந்தப் பக்கம், நெட்டை அந்தப் பக்கம்!"

முப்பது வயதை நெருங்குகிறவர்கள் பதினோரு பேரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினோம். முதல் வருடத்தில் முதுகோடு முதுகு ஒட்டி உயரம் பார்த்து நின்றதுபோல, இப்போது காதோடு காதாகச் சம்பளம் கேட்டு இடம் மாறினோம். நான் நைசாகக் கீழ்ப்பக்கம் நழுவினேன். ஷெல்பி என்னை முழங்கையால் இடித்தாள்.

"டேய் கோல்பி, நான் முப்பத்தோராயிரம்தான். மேல போடா, பொய்யா நிக்காத."

எனக்கு மேல்பக்கம் ப்ரென்னா. பார்சல் வேன் ஓட்டுகிறாள், ஐம்பத்திரண்டாயிரம்.

"அந்த வேலைக்குப் பட்டமே கேக்கலை கோச்," என்றாள் அவள். "பெட்டி தூக்கத் தெரியணும். அது மட்டும் நீங்க சொல்லிக்குடுத்தது."

அவளுக்கு மேலே நின்றவர்களில் ஒருத்தர்கூட உடற்கல்வி வேலையில் இல்லை. கோச் தோளைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தார். ஆறாவது தோள் என்னுடையது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"நீயாடா?"

"நான்தான் கோச்."

"ரெஃப்ரி காசு வருஷத்துக்கு எவ்வளவு தேறும்?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"கணக்குல காட்டலையா?"

"காட்டாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

வரிசையே சிரித்தது. "கோச் கிளாஸ்ல ஒழுங்கா பாடம் கேட்ட ஒரே ஆள் நீதான்டா," என்றாள் ப்ரென்னா. கோச் சிரிக்கவில்லை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

"இந்த வருஷம் காட்டுறியா, கோல்பி?"

நான்கு வருடம் என்னை அதட்டியே பழகிய மனிதர் கெஞ்சியது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம்கூட வந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

ஏப்ரலில் எல்லாவற்றையும் காட்டினேன். வரி மட்டும் ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். கடன் தவணை 93-லிருந்து 128 ஆனது. அரசாங்கத்தின் புதுக் கணக்கில் எங்கள் படிப்புக்கு நேராக 38,330 என்று வந்தது. டாலர் பிசகாமல் என் வருமானம். கோச் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஆகஸ்டில் கல்லூரி வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள். 'உடற்கல்விப் பட்டதாரிகளின் வருமானம் ஒரே ஆண்டில் 12 சதவீதம் உயர்வு!' அந்த உயர்வைப் பார்த்துக் கட்டணத்தை இரண்டாயிரம் டாலர் ஏற்றினார்கள். போன வருடம் இருபத்திரண்டு பேர் சேர்ந்த படிப்பில் இந்த வருடம் நாற்பத்தொரு பேர்.

இரட்டிப்பு மாணவர்கள் ஆயிற்றே என்று சம்பள உயர்வு கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க வருமானம்தான் ஒரே வருஷத்துல பன்னெண்டு சதவீதம் ஏறியிருக்கே. இன்னும் என்னப்பா வேணும்?"

முதல் வகுப்பில் நாற்பத்தொரு பேரையும் உயர வரிசையில் நிறுத்தினேன். கடைசியில் நின்ற நெட்டைப் பையன் கையைத் தூக்கினான். "சார், இதைப் படிச்சா பொழைச்சுக்கலாமா?"

வாசல் பக்கம் கோச் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனி ஞாயிறு ரெஃப்ரியாப் போங்க," என்றேன். "கையில காசா வாங்காதீங்க. செக்கா வாங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் நட்டநடுவே, இருபத்தொன்றாவதாக நின்ற பெண் மட்டும் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டாள்.