பங்கு வைக்குமுன் ஒரு கூடை

உதவுகிறோம் என்று தலையாட்டிய அறுபது பேர் சேர்ந்து எப்படி எட்டே சக்கரக் காசு கொடுக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் விரித்த துண்டில் விழுந்தது அவ்வளவுதான், அரை ரூபாய்கூடத் தேறாது. செசிலிக்கு இது பிடிபடவே இல்லை. மகள் இசபெல்லுக்குத் திருவனந்தபுரம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பன்னிரண்டு நாளில் நாற்பது ரூபாய் கட்டாவிட்டால் அது போய்விடும்.

மீன் வாங்கக் கடற்கரைக்கு வந்தவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரைமடி வலை ஏறிக்கொண்டிருந்தது. வள்ளம் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிடும். கரையில் வடக்குக் கயிற்றை முப்பது பேர், தெற்குக் கயிற்றை முப்பது பேர் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் நடுவிலுள்ள பை கோணி, மீன் முழுக்க வெளியே போகும். செசிலி இரண்டு கயிற்றுக்கும் நடுவே நடையாய் நடந்தாள்.

“ஓரிடத்துல நில்லு ட்டீ, கண்ணு கிறங்குது,” என்றான் வடக்குக் கயிற்றிலிருந்த கணவன் மத்தியாஸ்.

தெற்குக் கயிற்றில் முதல் ஆள் சிலுவை. பிள்ளையில்லாதவர். மீனைப் பங்கு பிரிப்பவரும் அவர்தான். செசிலி அவரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, துண்டுல காசு போடக் கை வரல்லியா?”

“மத்தவன் என்ன போடுதான்னு பாத்தேன். ஒருத்தனும் போடல்ல. பிள்ளையில்லாத நான் என்னத்துக்குப் போடணும்? சர்க்காரு குடுக்கட்டும்.”

“சர்க்காரும் நம்மகிட்ட எடுத்துத்தான் குடுக்கணும். அது சரி, நேத்து வலை கிழிஞ்சது எந்தப் பக்கம்?”

“வடக்கு.”

“தெக்குக் கயிறு பிடிச்ச நீரு பின்ன வலை தைக்க நூலுக்கு ஏன் குடுத்தீரு?”

“நான் எங்கட்டீ குடுத்தேன்? வலைக்க கூடைய பங்கு வைக்குமுன்னயே எடுத்தாச்சே!”

செசிலியின் கால் நின்றது. கைக்கு வந்த காசைக் கொடுக்கத்தான் வலிக்கிறது. வருமுன்னே எடுத்துவிட்டால் அறுபது பேரும் ஒரே அளவு கொடுத்ததாகிறது. யாரும் யார் கையையும் பார்க்க வேண்டாம்.

“அப்பம் படிப்புக்கும் ஒரு கூடை எடும்.”

“ஒனக்க மவளுக்கு நாங்க இழுக்கணுமா? நல்ல கதை!”

கயிறு முழுக்கச் சிரிப்பு.

“எனக்க மவளுக்கு மட்டும்னா எடுக்கண்டாம். இந்தக் கரையில யாரு தேறினாலும் அவியளுக்கு. வருசா வருசம்.”

“படிச்சவ திருப்பித் தருவாளா?”

“வலை நூலைத் திருப்பித் தருதா?”

“நூலையா? மீனையில்லா தரும்!” என்றார் சிலுவை.

“ஒம்ம வாயாலயே சொல்லியாச்சு அண்ணே,” என்று வடக்கிலிருந்து கத்தினான் மத்தியாஸ்.

சிலுவை திரும்பிக் கயிற்றை இழுத்தார். மடி கரையேறியதும் கோயிலுக்கும் வலைக்கும் எடுத்தபின் மூன்றாவதாக ஒரு கூடையை நிரப்பித் தனியே வைத்தார். அது இரண்டு ரூபாய்க்கு ஏலம் போயிற்று. நாளுக்கு இரண்டு முறை மடி ஏறும். பத்து நாளில் நாற்பது.

அன்று முதல் வழக்கம் இதுதான்: முதல் கூடை கோயிலுக்கு, இரண்டாவது வலைக்கு, மூன்றாவது படிப்புக்கு, மிச்சம்தான் பங்கு. தேறியவர் யாரானாலும் கல்லூரிக் கட்டணம் மூன்றாவது கூடையிலிருந்து போகும். திருப்பித் தர வேண்டியதில்லை.