வேனுக்குப் பொட்டு ஒட்டவில்லை

எழிலரசன் தன் புது வேனின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். பொட்டு வழுக்கிக்கொண்டு கண்ணாடி வழியாக இறங்கி, பம்பரில் ஒரு துள்ளு துள்ளி, அவன் செருப்பின் மேல் விழுந்தது. அங்கே நன்றாக ஒட்டிக்கொண்டது.

மறுபடி வைத்தான். மறுபடியும் செருப்பு.

"சந்தனம் தண்ணியா இருக்குது. கெட்டியா கொழடா" என்றாள் அம்மா ராஜம்மாள்.

கெட்டியாகக் குழைத்து வைத்தான். முன்பு வழுக்கிய பொட்டு இப்போது உருண்டது.

அன்று அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மேல்மலையனூர் போகிற கூட்டம் வெயிலில் நின்றது. எழிலரசனின் முதல் சவாரி இதுதான். வேன் நிறைய ஆள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் தயார். ஆனால் சந்தனம், குங்குமம் ஏற்காத புது வண்டியில் அங்காளம்மனைப் பார்க்கப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? இவர்கள் இப்போது இறங்கிவிட்டால், இனி எந்த அமாவாசைக்கும் இந்த வேனில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். அது எழிலரசனுக்குத் தெரியும்.

குங்குமத்தைத் தனியாகத் தூவிப் பார்த்தான். ராஜகிரி மலைப் பக்கமிருந்து வந்த காற்று அதை அள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தனகோட்டியின் வெள்ளைச் சட்டைக்கு வைத்தது.

"எனுக்கு வச்சிட்ட. வண்டிக்கு எப்ப வெப்ப?" என்றார் தனகோட்டி.

ராஜம்மாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வேனில் அழுத்தினாள். கற்பூரம் அணைவதற்குள் அதுவும் உதிர்ந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூவாயி என்ற பாட்டி பையைத் தூக்கிக்கொண்டார். "எறங்குங்கம்மா. ஆத்தா உத்தரவு குடுக்கல."

"உத்தரவெல்லாம் குடுத்துட்டா ஆயா. இது கோட்டிங்" என்றாள் கலைவாணி.

கலைவாணி எழிலரசனின் தங்கை. புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் நானோ பூச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு அன்பளிப்பாக வேன் முழுவதும் தன் பூச்சைத் தெளித்தவள் அவள்தான். மழை, சேறு, காக்காய் எச்சம் என்று எல்லாவற்றையும் ஊற்றிச் சோதித்துப் பார்த்திருந்தாள். சந்தனத்தை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை.

"நீ பேசாத. ஒரு சொட்டு சேறு ஒட்டாதுன்னு ஸ்டாண்டு பூரா சொல்லி வச்சிருக்கன். இப்ப சாமியே ஒட்ட மாட்டேங்குது" என்றான் எழிலரசன்.

"சாமி ஒட்டும்ணா. தண்ணிதான் ஒட்டாது."

அவள் சொன்னது சரி. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிறதே, அதே வேலைதான் இங்கேயும். பலாப்பழத்தின் மேல் ஒரு தட்டை வைத்தால் அது முள் நுனிகளில் மட்டுமே உட்காரும்; மற்ற இடமெல்லாம் அடியில் காற்று. கலைவாணியின் பூச்சும் அப்படி ஒரு பலாப்பழத் தோல்தான். ஆனால் அதன் முள்கள், ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்கக்கூடிய அளவுக்குச் சிறியவை. தண்ணீர் அந்த நுனிகளில் நின்று, காற்றின் மேல் மிதந்து, உருண்டு ஓடிவிடும். குழைத்த சந்தனத்தில் பாதி தண்ணீர்தானே. அதனால் அதுவும் ஓடியது. ஸ்டிக்கரின் பசைக்கும் பிடிக்க நுனிகள் மட்டுமே கிடைத்தன.

பழைய பூச்சுகளாக இருந்தால் விரலால் தேய்த்தாலே முள் முறிந்து, பொட்டு உட்கார்ந்திருக்கும். இப்போதைய ஆராய்ச்சியில் அந்த முள்களைக் கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். தேய்க்கிற விரல் குழியின் விளிம்பில்தான் படும். கலைவாணி இதில் இரண்டு வருஷம் உழைத்து வெற்றி பெற்றிருந்தாள். அந்த வெற்றிதான் இப்போது அண்ணனின் செருப்பில் இருந்தது.

"உப்புத்தாள் போட்டு ஒரு ரூபா அளவுக்குத் தேய்ச்சுட்டா ஒட்டிடும்ணா."

"புது வண்டியில உப்புத்தாளா? எம் மூஞ்சில தேய்."

"மேல்மலையனூர், மேல்மலையனூர்" என்று கூவினார் தனகோட்டி. "பொட்டு வச்ச ஆட்டோ, பொட்டு வச்ச ஆட்டோ."

பின் சீட்டிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிப் போனது. பூவாயி ஒரு காலைப் படியில் வைத்தார்.

"சோப்புத் தண்ணில கொழச்சா நிக்கும்" என்றாள் கலைவாணி.

ராஜம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மன் கோயிலுக்குப் போற வண்டிக்கு சோப்புல பொட்டா? இது இன்னா, சட்டி பானையா?"

சோப்பு நடக்காது. ஆனால் சோப்பு ஏன் ஒட்டும் என்பதை யோசித்தபோது கலைவாணிக்கு வழி திறந்தது. தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது பரவாமல் முத்தாகத் திரள்கிறது. சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். தளர்ந்த தண்ணீர் முள்களுக்கு நடுவே இறங்கிவிடும். அப்படியானால், பிறவியிலேயே பிடி தளர்ந்த ஒரு திரவம் இருந்தால் போதும். அதில் சோப்பே வேண்டாம்.

எண்ணெய்.

எண்ணெயையும் விரட்டுகிற பூச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனங்கள் இருக்கும். அவை மண்ணில் மக்காதவை என்பதால் கலைவாணி அவற்றைத் தொடவே இல்லை. எண்ணெய் பட்டால் இவளுடைய பூச்சு தோற்றுவிடும் என்று ஆய்வகத்தில் அவளுடைய பேராசிரியர் மாதாமாதம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவள் எதிர்க்கடைக்கு ஓடினாள். நல்லெண்ணெய் பாக்கெட் ஒன்றும், குழைக்காத சந்தனத் தூளும் வாங்கி வந்தாள்.

"எண்ணெயில பொட்டா?" என்றான் எழிலரசன். "அது இன்னும் வழுக்குமே."

"கையிலதான் வழுக்கும். இதுல ஊறும்."

எழிலரசன் அம்மாவைப் பார்த்தான். வண்டியிலிருந்த எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"அம்மனுக்கே எண்ணெய்க் காப்பு உண்டு. வண்டி இன்னா அதுக்கு மேலயா? வைடா" என்றாள் ராஜம்மாள்.

பழைய சந்தனத்தைத் துடைக்கத் தேவையே இருக்கவில்லை, ஒரு துளிகூட மிச்சமில்லை. கலைவாணி உள்ளங்கையில் தூளைக் கொட்டி, எண்ணெய் விட்டுக் குழைத்தாள். எழிலரசன் தொட்டு வேனின் நெற்றியில் வைத்தான். வைத்த கையை எடுக்காமல், கீழே ஏந்துவதற்கு இன்னொரு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"கையை எடுண்ணா."

எடுத்தான். பொட்டு நின்றது. அதன் நடுவில், எண்ணெயில் குழைத்த குங்குமத்தை வைத்தான். அதுவும் நின்றது. பூவாயி படியிலிருந்தே கையை நீட்டி, வேனின் பக்கவாட்டில் தன் பங்குக்கு ஒன்று வைத்து, இழுத்துப் பார்த்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார். இறங்கிப் போன குடும்பம் ஆட்டோவிலிருந்து இறங்கித் திரும்பி வந்தது.

"எனுக்கு வச்சத யாரு எடுப்பா?" என்று தன் சட்டையைக் காட்டினார் தனகோட்டி. "அதுக்கும் எண்ணெயா?"

"உனுக்கு சோப்பு" என்றாள் ராஜம்மாள்.

சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. வேன் கிளம்பியது.

தண்ணீர் ஒட்டாத நானோ பூச்சு அடித்த வண்டிக்குப் பொட்டு வைக்கும் முறை இதுதான்: சந்தனத் தூளையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைக்காமல், நல்லெண்ணெயில் குழைத்து வைக்க வேண்டும். ஒட்டும்.