முதலில் பெட்டை

ஆர்டன் பரணில் உட்கார்ந்திருந்தான். கீழே சோயா வயலில் கொம்பன் மேய்ந்தது. வளரட்டும் என்று மூன்று வருடமாக அவன் விட்டுவைத்த ஆண் மான். துப்பாக்கி மடியிலேயே கிடந்தது.

நிலம் அவன் மனைவி மார்லிஸுடையது. சட்டமும் அவளுடையது. பெட்டை மான்கள் பெருகிவிட்டன. காட்டில் தின்ன ஒன்றும் மிஞ்சாமல் எல்லா மான்களும் எலும்பும் தோலுமாய்த் திரிந்தன. அதனால், முதலில் ஒரு பெட்டையைச் சுட்டவருக்குத்தான் கொம்பன்மேல் உரிமை. ஆர்டன் இன்னும் சுடவில்லை. விஸ்கான்சினில் அன்று அந்த வருட வேட்டைக்குக் கடைசி நாள்.

கொம்பன் காட்டுக்குள் போனது. சற்று நேரத்தில் கொம்பில்லாத மான் ஒன்று தனியாக வந்தது. அவன் யோசிக்கவில்லை. சுட்டான்.

கொட்டகைக்கு இழுத்து வந்ததும் மார்லிஸ் குனிந்து அதன் காதுகளுக்கு நடுவே தடவினாள்.

"இங்க கை வை."

வைத்தான். தோலுக்கடியில் இரண்டு கொம்பு மொட்டுகள். அந்த வருடத்துக் கிடாக்குட்டி.

"தனியா வர்றதச் சுடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்? ரெண்டு நின்னாத்தானே எது பெருசு, எது குட்டின்னு தெரியும்?"

"மச்சானுக்கு அவசரம்," என்றான் அவள் தம்பி வெண்டல். "பச்சப்புள்ளைய சுட்டுட்டாரு."

"சும்மா இருடா. மார்லிஸ், இது கணக்குல வருமா?"

"வராது. சாஸேஜுக்கு ஆகும்."

மத்தியானம் மறுபடி பரண் ஏறினான். வெயில் சாயும்போது இரண்டு பெட்டைகள் வந்தன. ஒன்று மற்றதைவிட ஒரு தலை உயரம். அதன் பின்னாலேயே, மூக்கை நீட்டிக்கொண்டு, கொம்பன்.

வெடித்தால் கொம்பன் ஓடிவிடும். ஆர்டன் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய பெட்டையைச் சுட்டான்.

அது விழுந்தது. கொம்பன் வேலிவரை பாய்ந்தது. நின்றது. திரும்பி வந்து, விழுந்து கிடந்ததை முகர்ந்தது.

இப்போது உரிமை இருந்தது. அவசரமாகக் குறிவைத்தான். சுட்டான். பனியோடு மண் தெறித்தது. கொம்பன் வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

மார்லிஸ் டிராக்டரில் வந்தாள்.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணு பெட்டை."

"இன்னொண்ணு?"

அவன் வேலிப்பக்கம் கை காட்டினான். குறி தவறினவரின் சட்டையில் பின்னால் தொங்கும் நுனியை வெட்டிக் கொட்டகைச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். வெண்டலுடையதே நாலு தொங்கின. அவள் கத்தியை எடுத்தாள்.

"புதுச் சட்டைடி."

"திரும்பி நில்லு."

நின்றான். வேலிக்கு அப்பால் பார்த்தான்.

"அடுத்த வருஷம் இன்னும் பெருசாயிருக்கும்ல?"

"இருக்கும். ஆடாதே, கோணலாப் போகுது."