லான் மேடத்துக்குக் கொடுத்த தாம்பூலம்

என் மகள் கலைப்பிரியா வாயைத் திறந்தால் வியட்நாம்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அங்கே வேலை சொல்லிக்கொடுக்க வந்திருப்பவள் லான் என்கிற வியட்நாம்காரி. எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கலை ஆரம்பித்துவிடுவாள்.

“சண்டை முடிஞ்சும் அவங்க நாட்டுல ஒரே கஷ்டமாம்மா. மேடம் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல கூப்பன் வச்சிக்கினு அரிசிக்கு நிப்பாங்களாம். செங்கல்லப் போட்டு எடம் புடிப்பாங்களாம்.”

“நானுந்தான் ரேஷன் கடையில பையப் போட்டு எடம் புடிக்கிறேன். என்னைப் பத்தி எங்கனா பேசினியா?”

“எண்பத்தாறுல எல்லாத்தையும் மாத்தி, அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனிங்கள உள்ள உட்டாங்களாம். இப்ப உலகத்துக்கே ஷூ தெச்சு அனுப்புறாங்க.”

அனுப்பட்டும். ஒரு நாடு முன்னேறினால் எனக்கென்ன வந்தது? ஆனால் நான் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை டப்பாவில் அடைத்து அந்த மேடத்துக்குக் கொண்டுபோகிறாள். அவளைப் போலவே கொண்டை போடுகிறாள். பெற்றவள் நானா, அவளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேடத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி விருந்து வைத்து, தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். எங்கள் பக்கம் தாம்பூலம் கொடுத்தால் வந்தவர்கள் கிளம்பலாம் என்று அர்த்தம். அத்தோடு இந்தப் பேச்சுக்கும் ஒரு முடிவு கட்டிவிடலாம்.

வந்தாள். பாதி நரைத்த தலை. கையால் பிசைந்து, சிந்தாமல் சாப்பிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு தட்டை நீட்டினேன்.

அவள் சட்டென்று எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. “அம்மா ஓகே?” என்றாள். பிறகு கலையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள்.

“என்னடி?” என்றேன்.

“அவங்க ஊர்ல பொண்ணு கேக்கப் போனா வெத்தல பாக்குதான் எடுத்துக்கினு போவாங்களாம்மா. பொண்ணு வீட்ல அதைத் தொட்டுட்டா சம்மதமாம். நீ உன் கையாலயே குடுத்துட்டியேன்னு அழுவுறாங்க.”

“எதுக்குடி சம்மதம்?”

“அவங்க நாட்டுல, சைகோன்ல ரெண்டு வருஷம் ட்ரெய்னிங்மா. என்னைத்தான் எடுத்தாங்க. நீ உடமாட்டேன்னு நானே முடியாதுன்னுட்டேன். நீ சாப்பிடக் கூப்பிட்டதும், உன்னைக் கேக்கலாம்னுதான் மேடம் வந்தாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே நீ...”

‘கிளம்பச் சொல்லித்தான் கொடுத்தேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கலை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் ஷூ பசை வாசனை.

இந்த ஒரு வருஷத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அதைக்கூட அந்தப் பொம்பளைதான் எனக்கு வாங்கிக் கொடுத்தாள்.