ஈர வலையின் எடை

எங்கள் ஊர் மதுக்கடைக்குப் பெயர் 'கொக்கும் விலாங்கும்'. அதன் பின்னறையில், கணப்புக்கு மேலே, மெல் ஆற்றுத் தூண்டில்காரர் சங்கத்தின் சாதனைப் பலகை தொங்குகிறது. கறுப்புப் பலகை, பொன் எழுத்து. ஒவ்வொரு வகை மீனுக்கும் ஒரு வரி: எடை, பிடித்தவர் பெயர், வருடம். அதற்கடியில், மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் சாட்சியின் பெயர். அந்தச் சாட்சிகளைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். எவனோ பிடித்த மீனுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுச் சுவரில் இடம்பிடித்தவர்கள்!

என் பெயர் அதில் இல்லை. நான் சங்கத்தில் சேர்ந்து இருபத்தேழு வருடம் ஆகிறது, இன்னும் இல்லை. எனக்கு வேறு ஆசையும் இல்லை. நெவில் கிராடக் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ரோச் மீனுக்கு நேரே இருந்தது 'பெ. டாப்ளி, 2 பவுண்டு 7 அவுன்ஸ், 1991'. பெர்சிவல் டாப்ளி எங்கள் செயலாளர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். வியாழக்கிழமை தவறாமல் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பீர் குடிப்பார். கடையில் வேறு நாற்காலியே கிடையாதா?

மெல் ஆறு அப்படியொன்றும் பெரிய ஆறில்லை. ஓடிவந்து தாண்டிவிடலாம் என்று தோன்றும். என் கூட்டாளி ஓஸ்வால்ட் ஒருமுறை ஓடிவந்து தாண்டி, நடு ஆற்றில் விழுந்தான். மேல்பக்கத்து நீரைக் கனவான்கள் குத்தகைக்கு எடுத்து ட்ரவுட் மீன் பிடிக்கிறார்கள். நாங்கள் பிடிக்கிற ரோச், சப், டேஸ் எல்லாவற்றையும் 'முரட்டு மீன்' என்று சொல்லுவது அவர்கள்தான். அவர்கள் பிடித்ததை வெண்ணெயில் வறுத்துத் தின்கிறார்கள். நாங்கள் பிடித்ததை நிறுத்துப் பார்த்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரிலேயே விடுகிறோம். யார் முரடன், நீங்களே சொல்லுங்கள்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வில்லோ மரத்தடியில் என் வழக்கமான இடம். சங்க விதிப்படி முதலில் உட்கார்ந்தவருக்கே இடம் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். முள்ளில் ரொட்டித் துணுக்கு, மேலே மயிலிறகுத் தண்டில் நானே செய்த தக்கை. அந்தத் தக்கையின் சிவப்பு நுனி நீரோட்டத்தோடு மெதுவாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இருக்கிற சுகம் இருக்கிறதே, அதை எவனிடம் சொன்னாலும் கொட்டாவி விடுவான். போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். மனதில் ஒரு குப்பை இருக்காது. திடீரென்று நுனி ஒரு துடி துடிக்கும், பிறகு காணாமல் போகும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும்.

அன்று காணாமல் போனது. கோலைச் சுண்டினேன், கனத்தது. கைவலையில் அள்ளி எடுத்தேன். தட்டு மாதிரி அகலம், வெள்ளிச் செதில், இரத்தச் சிவப்பில் துடுப்பு.

"ஓஸ்வால்ட்! டாப்ளிக்கு போன் போடு! தராசு வேணும்!"

"எதுக்கு இந்தக் கத்து கத்துற? மாடு தண்ணியில விழுந்துருச்சா?" என்றான் அவன், ஐம்பது அடிக்கு அப்பால் இருந்து.

டாப்ளி சைக்கிளில் வந்து சேரும்வரை மீனை வலையோடு தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். சங்கத்துத் தராசும், பிஸ்கட் டப்பாவுக்குள் சங்கப் பதிவேடும் கொண்டுவந்திருந்தார். மீனும் வலையுமாகத் தூக்கி மாட்டினார்.

"ரெண்டு பவுண்டு பதினொண்ணு."

எனக்கு இறக்கை முளைத்தது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வெறும் வலையை மாட்டினார்.

"வலை எட்டு அவுன்ஸ். கழிச்சா ரெண்டு பவுண்டு மூணு. அருமையான மீனு நெவில்! கை குடுங்க!"

நான்கு அவுன்ஸ் குறைவு. இருபத்தேழு வருடத்துக்கு நான்கே நான்கு அவுன்ஸ்! கை கொடுத்தேன். அந்தக் கையாலேயே அவரை ஆற்றில் தள்ளவும் தோன்றியது.

"எதுக்கய்யா வலையக் கழிக்கணும்? எவன் போட்ட விதி இது?"

"பதினொண்ணாம் விதி. பதிவேட்டுல இருக்கு, வேணும்னா பாத்துக்குங்க," என்று டப்பாவை என்னிடம் தள்ளிவிட்டு, கரையோரம் ஒதுங்கப் போனார்.

புரட்டினேன். பதினோராம் விதி 1994 செப்டம்பரில் எழுதப்பட்டிருந்தது, டாப்ளியின் கையெழுத்திலேயே. 'இனிமேல் ஈர வலையின் எடையைக் கழித்தே மீனின் எடை பதியப்படும்.'

இனிமேல்! அப்படியானால் அதற்கு முன்னால்?

மூன்று வருடம் பின்னே போனேன். 1991, ரோச், பெ. டாப்ளி, 2 பவுண்டு 7 அவுன்ஸ், 'வலையோடு'. சின்னதாக எழுதியிருந்தார் மனிதர். பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் கணக்கில் எட்டைக் கழித்துப் பார்த்தேன். ஒரு பவுண்டு பதினைந்து. என் மீன் அதைவிட நான்கு அவுன்ஸ் பெரிது! எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பதிவேட்டை மூடிவிட்டேன். இடையில் தாண்டிப்போன பக்கங்களையும் பார்த்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும்? விதி!

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தோம். எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தேன். நீதி என்றேன், நேர்மை என்றேன், பெரியோர்களே என்றுகூடச் சொன்னேன். கடைசியில் பதிவேட்டைத் திறந்து 'வலையோடு' என்ற சொல்லைப் படித்தேன். டாப்ளி தலைக்கு மேலே இருந்த தன் பெயரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மறைக்கல நெவில்," என்றார். "யாரும் கேக்கல."

"இப்ப கேக்குறோம்ல!" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை.

எல்லா மீனுக்கும் வலையைக் கழித்துத்தான் கணக்கு என்று கை தூக்கினார்கள். டாப்ளியும் தூக்கினார். புதிய சாதனையைப் பதிந்து சாட்சிக் கையெழுத்துப் போட ஓஸ்வால்டிடம் பேனா கொடுத்தார்கள். அவன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான். எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினான்.

"இரு, இரு. இங்க ஒண்ணு இருக்கே. 1994 ஆகஸ்ட். ரோச், ரெண்டு பவுண்டு நாலு அவுன்ஸ். வலை நீங்கலா."

"யாரு?" என்றேன்.

"மிசஸ் டாப்ளி."

என் மீனைவிட ஒரு அவுன்ஸ் அதிகம். ஒரே ஒரு அவுன்ஸ்! அந்தக் காலத்து உறுப்பினர்களில் டாப்ளி ஒருவர்தான் மிச்சம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் பீரைப் பார்த்தார்.

வினிஃப்ரெட் டாப்ளி முன்னறையில் ஷெர்ரி ஒயினும் குறுக்கெழுத்துமாக உட்கார்ந்திருந்தார். வாராவாரம் கணவரைக் காரில் ஏற்றிப்போக வருபவர். அழைத்துவந்தார்கள்.

"அந்த மீனா?" என்றார். "இவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். 'கோலக் கொஞ்சம் புடிச்சுக்க வின்னி'ன்னு சொல்லிட்டுப் புதருக்குப் பின்னால போனாரு. வர்றதுக்குள்ள மாட்டிக்கிச்சு. நிறுத்தாங்க, ரெண்டு பவுண்டு பன்னெண்டுன்னாங்க. வலையையும் சேத்தா நிறுப்பீங்கன்னு கேட்டேன். மாவு வாங்குனா பையையும் சேத்தா நிறுப்பான்? இதே பின்னறையில எட்டு ஆம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் எவருக்கும் தோணல பாருங்க!"

"அப்புறம்?" என்றான் ஓஸ்வால்ட்.

"அப்புறம் என்ன? என் மீன்ல வலையக் கழிச்சாங்க. இவரு மீன்ல கழிக்கல. 'இனிமேல்'னு ஒரு விதி எழுதிட்டாரு. அன்னைக்கு ராத்திரி இவரு சோறு இறங்காம உக்காந்திருந்தாரு. பாவம், போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கிளறினீங்களா நெவில்? நான் மறந்தே போயிருந்தேன்."

"வேணும்னா... பேர விட்டுக் குடுக்கலாமே நீங்க," என்றேன். வெட்கங்கெட்டுத்தான் கேட்டேன்.

"அன்னைக்கே ஒருதடவ விட்டுக் குடுத்தாச்சு," என்றார் வினிஃப்ரெட். "இப்ப இருக்கட்டும்."

சங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வில்லோ மரத்தடிக்குப் போனேன். மடக்கு நாற்காலி, கம்பளிப் போர்வை, தேநீர்க் குடுவை, கணவரின் தூண்டில் கோல். அஞ்சரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார் அந்த வினிஃப்ரெட் அம்மா!

"இது உங்க இடமாமே நெவில்? ஓஸ்வால்ட் சொன்னாரு, இங்கதான் பெருசு பெருசா வருதுன்னு. முதல்ல வந்தவங்களுக்குத்தானே?"

"விதி அப்படித்தான்."

"விதின்னா உங்களுக்கு உசிராச்சே. உக்காருங்க, டீ இருக்கு."

புல்லில் உட்கார்ந்தேன். போக மனம் வரவில்லை, அதுதான் உண்மை. அவர் தக்கையை விட்ட இடம் சரியில்லை, ஆழமும் சரியில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீரோட்டமே தக்கையைத் தள்ளிக்கொண்டுபோய், சரியான இடத்தில், வேருக்குப் பக்கத்தில் சேர்த்தது. அவர் குடுவையைத் திருகுவதில் மும்முரமாக இருந்தார். சிவப்பு நுனி துடித்தது. ஒருமுறை. இரண்டு முறை.

சும்மா இரு நெவில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தம்மா பார்க்கவில்லை. பேசாமல் இரு.

நுனி காணாமல் போனது.

"இழுங்க!" என்று அலறினேன். "இழுங்கம்மா, போயிரும்!"

டீயைக் கீழே போட்டுவிட்டு இழுத்தார். நான் கைவலையோடு முழங்கால் வரை தண்ணீருக்குள் நின்றேன். எனக்கே மாட்டினது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. மீன் வலைக்குள் புரண்டபோது இரண்டு பேரும் கத்தினோம். டாப்ளி தராசோடு வந்தார். இம்முறை வலையை நிறுத்தது நான். பக்கத்தில் யாரும் சொல்லாமலே எட்டு அவுன்ஸைக் கழித்தேன். இரண்டு பவுண்டு ஐந்து.

"சாட்சிக் கையெழுத்து," என்று டாப்ளி பதிவேட்டை நீட்டினார். "நான் புருஷன், நான் போடக்கூடாது."

ஓஸ்வால்ட் அன்று வரவில்லை. ஆற்றங்கரையில் வேறு ஆளே இல்லை. போட்டேன்.

போன வாரம் பெயின்டர் பலகையை மாற்றி எழுதிவிட்டுப் போனான். 'வி. டாப்ளி, 2 பவுண்டு 5 அவுன்ஸ்.' அதற்கடியில் சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு நாற்காலிக்கு மாறிவிட்ட டாப்ளி எழுந்து வந்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுது," என்றேன்.