பேச்சிக்கு இல்லாத அவசரம்

நாத்தனார் முப்பிடாதி மூன்று படங்களோடு படியேறி வந்தபோதே பேச்சிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. எரியாமல் என்ன செய்யும்? இரண்டு வீட்டுக்கும் மட்டாஞ்சேரியில் ஃபேன் கடைதான். அந்த எண்பத்து நான்காம் வருஷக் கோடையில், பேச்சியின் புருஷன் பிச்சையைவிடப் பதினோரு ஃபேன் கூடுதலாக விற்றுவிட்டான் முப்பிடாதியின் புருஷன் இசக்கிமுத்து. பதினோரே ஃபேன்! அதற்காகக் கம்பெனி அவர்களை எட்டு நாள் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறதாம். பாரிஸ், ரோம், ஸ்விட்சர்லாந்து, இந்த மூன்றில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பேச்சி சங்கரன்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பிச்சையின் தங்கை முப்பிடாதியோ இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் பேச்சில் பாதி பேச்சிக்குப் புரியாது. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள பேச்சியின் கௌரவம் இடம் கொடுக்காது.

கொடுத்த சாயாவைக்கூடத் தொடாமல் முப்பிடாதி படங்களைப் பாயில் பரப்பினாள். பாரிஸ் கோபுரத்தைப் பார்த்த பேச்சி, எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு முன்னால் இதெல்லாம் வெறும் இரும்புக் கம்பி என்றாள். ரோமைக் காட்டியதும், இடிந்த சுவரைப் பார்க்க விமானம் எதற்கு, இங்கே ஜூ டவுன் தெருவில் இடிந்து கிடக்கும் பழைய கிட்டங்கி போதாதா என்றாள். மூன்றாவது படத்தில் பனிமலையும் நீல ஏரியும், அதில் ஒரு வெள்ளைப் படகும் இருந்தன. பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படகில் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அவளே நின்றாள். பக்கத்தில் முப்பிடாதி இல்லவே இல்லை.

"உங்களுக்கும் ஒரு அவசரம் உண்டு மதினி" என்றாள் முப்பிடாதி, சிரித்துக்கொண்டே. "எந்த ஊருன்னு நீங்க சொல்லுங்க."

பேச்சிக்குச் சுரீரென்றது. பார்த்த பார்வையை வைத்தே குத்திக் காட்டுகிறாளே!

"எனக்கென்னட்டி அவசரம்? எனக்கு ஒரு அவசரமும் இல்ல. அவசரப்படுதவுகளைக் கூட்டிட்டுப் போ."

முப்பிடாதியின் முகம் வாடிவிட்டது. நிஜமாகவா மதினி என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நன்றாகக் கொடுத்தோம் என்று பேச்சிக்கு இரண்டு நாள் ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிச்சைக்குச் சோறு போடும்போது அந்தப் பெருமையை எடுத்துவிட்டாள். சோற்றைப் பிசைந்த பிச்சையின் கை அப்படியே நின்றது.

"கூறுகெட்டவளே, மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. வீட்டு ஆள் ஒருத்தருக்கு மூணாவது டிக்கெட் உண்டு. அது மதினிக்குத்தான், நானே சொல்லுதேன்னு ஆசையா வந்தா அவ."

பேச்சி கையைக்கூடக் கழுவவில்லை. அவிழ்ந்த கொண்டையோடு, சந்தையில் ஆளாளுக்குத் திரும்பிப் பார்க்க, இசக்கிமுத்துவின் கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்க, அன்றைக்கு ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டேன், நானும் வருகிறேன் என்று அங்கே இருந்த முப்பிடாதியிடம் சொன்னாள்.

முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையிலேயே கொடுத்தாச்சே மதினி. நீங்க வேண்டாம்னதும் எங்க வீட்டுக்காரவுக தங்கச்சி பாக்கியலக்ஷ்மி பேரை எழுதிட்டோம்."

கேட்கக் கூடாது என்று நினைத்தும் பேச்சி கேட்டுவிட்டாள், எந்த ஊர் என்று.

"ஸ்விட்சர்லாந்துதான்" என்றாள் முப்பிடாதி. "அதை மட்டும்தானே நீங்க குறை சொல்லல."